கறுப்பு நூல் கட்டிய போத்தல்

எனக்கு வாய் நீளம். கலஹா பக்கம் எங்கள் தேயிலைத் தோட்டத்து லயத்தில், அந்த வரிசை வீடுகளில், யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். தங்கச்சி மகனுக்குப் பால் கலக்கும் வேலை என் தலையில் விழுந்த பிறகு அது இன்னும் நீண்டுவிட்டது. போத்தல் பக்கம் யார் வந்தாலும், "கைய கழுவினீங்களா?" என்பதுதான் என் முதல் பேச்சு. தங்கச்சி புருஷன் கண்டி டவுனில் துணிக்கடையொன்றில் வேலை செய்தான். பஸ்ஸை விட்டு இறங்கியதும் பிள்ளையைத் தூக்க ஓடி வருவான். "மொதல்ல பீலித் தண்ணியில கழுவிட்டு வாங்க" என்று வாசலிலேயே மறித்துவிடுவேன். பாவம், அப்படியே திரும்பிப் போவான்.

பிள்ளை பிறந்த கையோடுதான் தங்கச்சிக்கு இரத்தத்தில் புற்று என்று சொன்னார்கள். அவள் டவுன் ஆஸ்பத்திரியிலேயே தங்கிவிட்டாள். பிள்ளையை நான் துணியில் சுற்றி வீட்டுக்குக் கொண்டுவந்தேன். எங்களுக்கு அம்மா அப்பா இல்லை. நான் கல்யாணம் கட்டாதவள், லயத்து ஆட்களுக்குச் சட்டை தைத்துப் பிழைத்துக்கொண்டிருந்தேன். வேறு யார் பார்ப்பார்கள்?

"அம்மாட பால் குடுக்க ஏலாது. மருந்து எல்லாம் பால்ல வரும்" என்று வார்டு மிஸ்ஸி சொன்னாள். நர்சை அங்கே மிஸ்ஸி என்றுதான் கூப்பிடுவோம். சிங்களப் பெண், தமிழைத் தேடித் தேடிப் பேசினாள். போத்தலை எப்படிக் கழுவுவது, எப்படி அவிப்பது, பால்மா எவ்வளவு, தண்ணீர் எவ்வளவு என்று எல்லாம் அவள்தான் சொல்லித்தந்தாள்.

வீட்டில் நான் அதற்கு ஒரு ஒழுங்குமுறை வைத்துக்கொண்டேன். சட்டியின் அடியில் வெள்ளைத் துணியை மடித்துப் போட்டு, போத்தல்களைப் படுக்கவைத்து, மூழ்கும்வரை தண்ணீர் ஊற்றி அடுப்பில் ஏற்றுவேன். கவ்வாத்து வெட்டிய தேயிலைக் குச்சிதான் விறகு. மிலாறு என்போம். கண் எரியப் புகையும், ஆனால் நின்று எரியும். பிள்ளை வாய் வைக்கிற சூப்பிகளைக் கடைசியில்தான் போடவேண்டும், முதலிலேயே போட்டால் ரப்பர் இளகி ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். அவித்ததை மூடியுள்ள அலுமினியப் பானைக்குள் கவிழ்த்து, அலுமாரியின் மேல்தட்டில் வைப்பேன். சுடுதண்ணீர் பிளாஸ்கில் இருக்கும். லயத்தில் பிரிட்ஜுக்கு எங்கே போவது? அதனால் பிள்ளை கேட்கிற நேரத்துக்குத்தான் பாலைக் கலக்கவேண்டும். குடித்து மீதி வைத்தால் கொட்டிவிட வேண்டும். மிஸ்ஸி திரும்பத் திரும்பச் சொன்னது இதைத்தான்.

அங்கேதான் சண்டை வந்தது. அடுத்த காம்பரா வீட்டில் இருந்தவரை அத்தை என்று கூப்பிடுவோம். சொந்தம் இல்லை, ஆனால் எங்களைத் தூக்கி வளர்த்தவர். நான் மீதிப் பாலை வாசல் சாக்கடைக் கானில் கொட்டுவதைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டார்.

"அடியே, பால போய் யாராவது கான்ல கொட்டுவாங்களா? மகாலட்சுமிடி!"

"மகாலட்சுமி டின்லயா வர்றா?" என்று கேட்டுவிட்டேன். அத்தை முகத்தைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார். மறுநாள் பானையைத் திறந்தால் போத்தல்களுக்கு நடுவில் ஒரு அடுப்புக்கரித் துண்டு கிடக்கிறது. கண் படக்கூடாதாம்! எல்லாவற்றையும் மறுபடி கழுவி அவித்தேன். லயம் முழுக்கக் கேட்கிற மாதிரி கத்தினேன். அதற்குப் பிறகு அவர் கரியை அலுமாரியின் காலடியில் வைத்தார். அதை நான் எடுக்கவில்லை.

காலையில் பிள்ளைக்கு ஊட்டி, அத்தையிடம் விட்டுவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போவேன். கலஹாவிலிருந்து பேராதெனியா, அங்கே இறங்கி வேறு பஸ். வார்டுக்குள் பச்சைப்பிள்ளையைக் கொண்டுபோக விடமாட்டார்கள். தங்கச்சிக்குக் கிருமி தொற்றிவிடும் என்றார்கள். அதனால் அவள் வாயாலேயே மகனைப் பார்த்தாள். "குடிச்சானா? எவ்வளவு குடிச்சான்? கக்குனானா? கண்ணத் தொறந்துக்கிட்டு குடிப்பானா, மூடிக்கிட்டா?" நான் போய்க் கதிரையில் உட்காரும் முன்பே தொடங்கிவிடுவாள்.

முதல் நாட்களில் அவளுக்குப் பால் கட்டி மார்பு கல்லாகிவிட்டது. பிழிந்து எடுத்தாள். வார்டில் அதை சிங்க்கில் ஊற்றித் தண்ணீரைத் திறந்துவிட்டார்கள். நான் போனபோது சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்து அழுதுகொண்டிருந்தாள்.

"அக்கா, எம்புள்ளப் பாலு. அழுக்குத் தண்ணியோட போகுது."

எங்கள் ஆட்களிடம் ஒரு வழக்கம் உண்டு. பிழிந்த தாய்ப்பாலைக் கால் படுகிற இடத்தில் ஊற்றமாட்டார்கள், ஏதாவது ஒரு மரத்தடியில், செடியடியில்தான் ஊற்றுவார்கள். வார்டுக்குள் செடிக்கு எங்கே போவாள்? டின் பாலுக்கு அத்தையிடம் அவ்வளவு வாய் பேசிய நான் மறுநாள் வீட்டிலிருந்து ஒரு போத்தல் கொண்டுபோனேன். பிள்ளை குடிக்கிற போத்தல்களோடு மாறிவிடக் கூடாது என்று அதன் கழுத்தில் கறுப்பு நூல் கட்டினேன்.

அப்படித்தான் தினமும் அவள் பாலை எடுத்துக்கொண்டு மலை ஏறினேன். பஸ்ஸில் மடியில் வைத்துக்கொள்வேன். கைக்கு இளஞ்சூடாக இருக்கும். வீட்டில் பசியோடு ஒரு பிள்ளை, என் மடியில் அவனுடைய அம்மாவின் பால், அதை அவனுக்குக் கொடுக்க முடியாது. யாரைத் திட்டுவது? டிரைவரைத் திட்டுவேன், மெதுவாகப் போகிறான் என்று. இறங்கியதும் நேரே லயத்துக்குப் பின்னால் போய் வாழையடியில் ஊற்றுவேன். அதன் பிறகுதான் கையைக் கழுவிப் பிள்ளையைத் தூக்குவேன்.

போகப் போகப் போத்தலில் பால் இறங்கிக்கொண்டே வந்தது. ஒருநாள் அடியை நனைக்கிற அளவுதான் இருந்தது. அதைத் தரும்போது தங்கச்சி, "நாளைக்கு போத்தல் வேணாங்க்கா" என்றாள். தலைமுடியும் அதற்குள் கொட்டியிருந்தது. முடி போனதற்கு அழாதவள் இதற்கு அழுதாள்.

அன்றைக்குத்தான் அந்தப் பேச்சை எடுத்தாள். "எம்பால்தான் இல்லாம போச்சு. டின் பாலா இருந்தாலும் ஒரே ஒரு தரம் நானே கலக்கி, எங்கையால அவனுக்கு ஊட்டிடணுங்க்கா. அது போதும் எனக்கு."

"ஒரு தரம் என்னடி ஒரு தரம்? வீட்டுக்கு வந்து நீயே மாரடி அவனோட. எனக்குத் தையல் வேலை தலைக்கு மேல கெடக்கு" என்று அதட்டினேன். அவள் சிரித்தாள். பிறகு என் பையிலிருந்து கறுப்பு நூல் போத்தலை எடுத்து வைத்துக்கொண்டு, கலக்குவது எப்படி என்று கேட்டாள். மாவைக் கரண்டியில் அழுத்தக்கூடாது, கத்தியால் மட்டமாக வழிக்கவேண்டும், சூடு பார்க்க மணிக்கட்டில் ஒரு சொட்டு விடவேண்டும் என்று சொன்னேன். வெறும் போத்தலைச் சாய்த்துப் பிடித்துப் பழகினாள். சூப்பிக்குள் காற்று நிற்காமல் எந்தச் சரிவில் பிடிப்பது என்று அடுத்த கட்டில்காரிக்கும் பாடம் நடத்தினாள்.

பிறகு ஒருநாள் டாக்டர் அவள் புருஷனைத் தனியாகக் கூப்பிட்டு, "வீட்டுக்குக் கூட்டிட்டுப் போங்க" என்றார். அவன் வெளியே வந்து என் முகத்தைப் பார்த்தான். எனக்கு விளங்கிவிட்டது. அவளும் கேட்கவில்லை. மகனிடம் போகிறோம் என்ற ஒரே நினைப்போடு வான் வண்டியில் ஏறினாள்.

வந்த அன்றே பால் கலக்க உட்கார்ந்தாள். கறுப்பு நூல் போத்தல்தான் வேண்டும் என்றாள். அவித்துக் கொடுத்தேன். முதல் கரண்டி மா பாயில் கொட்டியது. இரண்டாவது கரண்டி போத்தலுக்கு வெளியே போயிற்று. வேறு யாராவது என்றால் நான் விட்டிருப்பேனா? கொட்டிய மாவைத் துடைத்துவிட்டுப் பக்கத்தில் இருந்தேன். கடைசியில் கலக்கிவிட்டாள். மணிக்கட்டில் ஒரு சொட்டு விட்டு, "சரியா இருக்குக்கா" என்றாள்.

பிள்ளையை அவள் மடியில் வைத்தேன். அவன் சூப்பியை வாயில் வாங்கினான், துப்பினான். முகத்தைத் திருப்பி வீரிட்டு அழுதான். அந்த மடி அவனுக்குப் பழக்கமில்லை. அவளும் விடாமல், "அம்மாடா, அம்மாடா" என்று கெஞ்சினாள். அழுது அழுது அவன் கறுத்துப்போனான். நான் பேசினால் என் பக்கம் திரும்பி இன்னும் கத்தினான். பாவி மகனே, ஒரு மடக்குக் குடித்தால் என்னடா என்று எனக்கு அவன்மேல் ஆத்திரம் வந்தது. மூன்று மாதம்கூட முழுசாக ஆகாத பிள்ளைமேல்!

"பரவால்லக்கா. நீயே குடு" என்று போத்தலை என்னிடம் நீட்டினாள். என் கையில் வந்ததும் அவன் சப்பென்று பிடித்துக்கொண்டான். அவள் பார்த்துக்கொண்டே இருந்தாள். நான் தலை நிமிரவில்லை.

அடுத்தடுத்த நாட்களில் அவளால் உட்காரவும் முடியவில்லை. ஒரு மத்தியானம், மழை இருட்டிக்கொண்டு நின்ற நேரம், அவள் மூச்சு மாறியது. புருஷன் தலைமாட்டில் இருந்தான். அத்தை ஓடி வந்து பார்த்துவிட்டு, "மகன் கையால பால் ஊத்துங்க. நேரம் இல்ல" என்றார். போகிறவர் வாயில் பிள்ளைகள் பால் விட்டு அனுப்புவது எங்களிடம் உள்ள வழக்கம். வீட்டில் பசும்பால் இல்லை. பிள்ளைக்கு என்று நான் அப்போதுதான் கலக்கிய போத்தல் இருந்தது. கழுத்தில் கறுப்பு நூல்.

அத்தை என்னைப் பார்த்தார். டின் பாலில் மகாலட்சுமி ஏது என்று கேட்டவள் நான். எழுந்து சூப்பியைக் கழற்றினேன். பிள்ளையைத் தூக்கி அவள் பக்கத்தில் உட்கார்ந்து, அவனுடைய சின்னக் கையைப் போத்தலில் பதித்து, மேலே என் கையை வைத்துச் சாய்த்தேன். முதல் சொட்டு உதட்டில் நின்றது. அடுத்தது உள்ளே போனது. அவள் தொண்டை ஒரு தரம் அசைந்தது. மகன் ஊட்டிய பாலை அவள் துப்பவில்லை. கொஞ்ச நேரத்தில் மூச்சு நின்றுவிட்டது.

எல்லாரும் அழுதார்கள். பிள்ளை பசிக்கு அழுதான். அவள் புருஷன் கண்ணைத் துடைத்துக்கொண்டு என் கையிலிருந்த போத்தலைப் பார்த்தான். என்னை மாதிரியே பழக்கி வைத்திருந்தேன் அவனை.

"மீதியக் கொட்டிட்டு வேற கலக்கவா மதினி?"

"கொட்டாதீங்க" என்றேன்.

சூப்பியை மாட்டி, அந்த மீதிப் பாலைப் பிள்ளைக்குக் கொடுத்தேன். அம்மாவும் மகனும் பங்குபோட்டுக் குடித்தது அது ஒன்றுதான். அவள் கலக்கியதைத் துப்பியவன் இதைக் கடைசிச் சொட்டுவரை குடித்துவிட்டு, அவள் கால்மாட்டிலேயே தூங்கிப்போனான். அடுத்த பாலுக்கு நான் எழுந்து போய்ப் போத்தலைக் கழுவினேன்.