பின் சீட்டில் மூன்று பேர்

கடைக்குப் போய்விட்டுத் தெருமுனை திரும்பும்போதே சுத்தியல் சத்தம் கேட்டது. தகரத்தின் மேல் விழுகிற சத்தம். அவள் பையை இடுக்கிக்கொண்டு ஓடினாள். பட்டறை வாசலில் அவளுடைய வண்டி ஜாக்கி மேல் நிற்க, கொழுந்தன் இடது பின் மட்கார்டின் விளிம்பை உள்பக்கமாக அடித்து மடக்கிக்கொண்டிருந்தான். போன மாதம்தான் அடித்த பெயின்ட் பொருக்குப் பொருக்காகத் தரையில் கிடந்தது.

"யாரக் கேட்டு அடிச்ச?"

"அண்ணன்தான் சொன்னாரு அண்ணி. டயர் உரசுதுன்னு நீங்கதானே..."

"உரசுதுன்னு சொன்னேன். ஒடைக்கச் சொன்னேனா? சுத்தியலக் கீழ வை. வைக்கிறியா, இல்ல அதாலயே உன் மண்டைய மடக்கட்டுமா?"

வைத்துவிட்டான். வைக்காமலிருக்க அவனுக்கென்ன பைத்தியமா?

தெருவில் அவளுக்குப் பெயர் கல்யாண வண்டி அக்கா. அவளுடைய தாய்மாமன் வீட்டுக் கொட்டகையில் கோழிகள் குடித்தனம் நடத்திக்கொண்டிருந்த பழைய கார் அது. அதைக் கேட்டு வாங்கி வந்தபோது வீடே சிரித்தது. சிரித்தவர்கள் சிரிக்கட்டும் என்று எச்சத்தைச் சுரண்டினாள், சீட்டுக்குத் தானே உறை தைத்தாள், மெக்கானிக்கான கணவனை நச்சரித்து இன்ஜினைப் பிரித்துப் போட வைத்தாள். பிறகு மணப்பெண்களை மண்டபத்துக்கு ஏற்றிப்போக வாடகைக்கு ஓட்ட ஆரம்பித்தாள். அதுவரை அவள் வாழ்க்கை அடுப்புக்கும் பட்டறைக்கும் நடுவே டீ தூக்கிக்கொண்டு நடந்ததுதான். ஸ்டியரிங்கைப் பிடித்திருக்கும் நேரத்தில் யாரும் அவளிடம் டீ கேட்பதில்லை. அந்தச் சுகம் டீ கேட்டவர்களுக்கு எங்கே தெரியப் போகிறது?

இந்த வண்டியின் பின்பாரத்தைத் தாங்குவது கமான் பட்டைகள், அதாவது அடுக்கடுக்காக வளைந்த இரும்புத் தகடுகள். அவற்றின் முனைகளில் இருக்கும் ரப்பர் புஷ்களைக் கணவன் புதிதாக மாற்றிக் கொடுத்தான். அதற்கப்புறம்தான் வினை. பின்னால் ஆள் உட்கார்ந்து வளைவில் திரும்பினால் இடது பக்க டயர் மட்கார்டில் உரசியது. சொன்னாள். கணவன் தனியாக ஏறித் தெருவை ஒரு சுற்றுச் சுற்றி வந்து, "ஒண்ணும் கேக்கலையே" என்றான். மறுபடி சொன்னாள். மறுபடி தனியாகவே சுற்றி வந்தான். "உனக்குத்தான் காதுல ஏதோ கோளாறு." மூன்றாவது தடவை, "குண்டு ஆளுங்கள ஏத்தாத" என்று சொல்லிவிட்டுச் சாப்பிட உட்கார்ந்தான்.

மணப்பெண்ணை எடை பார்த்தா ஏற்ற முடியும்?

போன வாரம் மானம் போயிற்று. பின் சீட்டில் பெண்ணும் பெற்றவர்களும். மண்டபத்துக்கு முந்தின வளைவில் டயர் கத்த ஆரம்பித்தது, ரப்பர் தீய்ந்த நாற்றம் பெண்ணின் பூ வாசனையையும் மீறி அடித்தது. பெண்ணின் அப்பா நடுரோட்டில் வண்டியை நிறுத்தச் சொன்னார். "ஏம்மா, வீட்டுல ஆம்பளைங்க யாரும் இந்த வண்டியப் பாக்க மாட்டாங்களா?" என்று கேட்டுவிட்டு டாக்ஸியில் ஏறிப் போனார். பார்த்த லட்சணம்தான் இது என்று அவரிடம் சொல்லவா முடியும்? பல்லைக் கடித்துக்கொண்டு காலி வண்டியை ஓட்டி வந்தாள். இந்த ஞாயிற்றுக்கிழமைக்கும் ஒரு கல்யாணம் ஒப்புக்கொண்டிருந்தாள்.

இப்போது கணவன் துணியில் கை துடைத்துக்கொண்டு வெளியே வந்தான். முகத்தில் ஒரு அசட்டுச் சிரிப்பு.

"எதுக்குக் கத்தற? சாயங்காலம் ஓட்டல்காரர் வர்றாரு வண்டியப் பாக்க. ஓட்டல் வாசல்ல அழகுக்கு நிறுத்தப் போறாராம். ஓடவே போறதில்ல, அப்புறம் எங்க உரசறது?"

பெரிய நகைச்சுவை சொல்லிவிட்டதாக நினைப்பு. கேட்காமல், சொல்லாமல், வாங்க ஆள் பார்த்து, அவர் ஓட்டிப் போகும்போது சத்தம் கேட்கக் கூடாதென்று விளிம்பையும் மடக்கச் சொல்லியிருக்கிறான். அவள் வண்டியை!

"வண்டியக் கீழ எறக்குங்க" என்றாள்.

"எதுக்கு?"

"எறக்குங்கன்னேன்."

இறக்கினார்கள். அவள் பின்பக்கம் குந்தி உட்கார்ந்து, டயருக்கும் வண்டியின் சட்டத்துக்கும் நடுவே கையை விட்டுப் பார்த்தாள். வலது பக்கம் விரல்கூடச் சரியாக நுழையவில்லை. இடது பக்கம் முஷ்டியே போயிற்று. டயர்களைப் பிடித்திருக்கும் அச்சு மொத்தமாக இடது பக்கம் நகர்ந்து நின்றது.

"ஆள் குண்டு, எனக்குக் காது கோளாறு. இதானே சொன்னீங்க? அப்படின்னா ரெண்டு பக்கமும்தானே உரசணும்? ஏன் இந்தப் பக்கம் மட்டும்?"

கொழுந்தன் தன் செருப்பை ஆராய்ந்தான். சத்தம் கேட்டு வீட்டுக்குள்ளிருந்து மாமியார் வந்து நின்றாள்.

"நல்ல நேரத்துல வந்தீங்க அத்தை. ஏறுங்க. நீங்களும் ஏறுங்க. தம்பி, நீயும். மூணு பேரும் பின்னாடி."

அந்தக் குரலை மறுத்துப் பேச யாருக்கும் துணிச்சல் வரவில்லை. மூன்று பேரும் நெருக்கியடித்து உட்கார, அவள் கிளப்பினாள். தெருமுனையில் வேகத்தைக் குறைக்காமல் திரும்பினாள். டயர் கர்ர்ரென்று கத்தியது.

"டேய், உன் காதுல என்ன பஞ்சா வெச்சிருக்க?" என்று மாமியார் மகன் தோளில் ஒன்று வைத்தாள். "எனக்கு அடியிலேயே அறுக்குதேடா!"

திரும்பி வந்ததும் அவள் டார்ச்சை எடுத்துக்கொண்டு வண்டிக்கு அடியில் புகுந்தாள். இடது பட்டையின் புஷ் கிழிந்து தொங்கியது. வாங்கிய மெருகு போகாத புது ரப்பர். அதனால்தான் பட்டையின் முனை வெளிப்பக்கமாகச் சாய்ந்து, அச்சையும் கூடவே இழுத்துப் போயிருந்தது.

அவளுக்கு விளங்கிவிட்டது. பட்டறைக்கு வருகிற ஒவ்வொருவனிடமும் அவள் கணவன் அளக்கிற கதைதான் அது. வண்டியைத் தூக்கி வைத்துப் புஷ் மாட்டலாம். ஆனால் வண்டி தரையில் நின்று பாரம் இறங்கிய பிறகுதான் நட்டைக் கடைசியாக இறுக்க வேண்டும். தொங்கும்போதே இறுக்கினால், இறங்கியதும் ரப்பர் முறுக்கிக்கொண்டு கிழியும். டீ கொண்டு போய்க் கொடுத்துக் கொடுத்து அவளுக்கு அது மனப்பாடம். அவ்வளவு தெரிந்தவன் ஏன் செய்யவில்லை? வெளியே வந்து அவனை ஏற இறங்கப் பார்த்தாள். பார்வை அவன் வயிற்றில் நின்றது.

தரையில் நிற்கும் வண்டிக்கு அடியில் அந்த வயிறு நுழையாது. வெட்கப்பட்டுக்கொண்டு ஜாக்கி மேலேயே இறுக்கி முடித்துவிட்டு, இத்தனை நாளாகப் பூசி மெழுகியிருக்கிறான்.

"என்னைக் கூப்பிட்டிருந்தா நான் நுழைஞ்சிருக்க மாட்டேனா?" என்றாள். குரல் உடைந்தது, அதற்காக அவளுக்கு இன்னும் கோபம் வந்தது. "உன் தொப்பைய மறைக்க என் வண்டிய விக்கப் பாத்தியா நீ?"

கல்யாணமான நாளிலிருந்து அவள் வாயிலிருந்து அவனை நோக்கி 'நீ' வந்ததில்லை. மாமியார்கூட அதைக் கண்டுகொள்ளவில்லை.

பட்டறை அலமாரியில் ஒரு ஜோடி புஷ் மீதம் இருந்தது. வண்டியைத் தூக்கி, கிழிந்ததைக் கழற்றிப் புதியதை மாட்டினார்கள். கொழுந்தன் கடப்பாரையால் நெம்ப, அச்சு நடுவுக்கு வந்தது. நட்டுகளைத் தளர்வாக விட்டுவிட்டு வண்டியைத் தரையில் இறக்கினார்கள். அவள் சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கல் வைத்தாள்.

"மூணு பேரும் ஏறுங்க."

"வெறும் வண்டி பாரமே போதும்" என்று கணவன் முனகினான். "ஆள் உக்காரணும்னு அவசியமில்ல."

"தெரியும். ஏறு."

ஏறினான். மாமியார் நடுவில், மகன்கள் இரண்டு பக்கமும். அவள் ஸ்பேனரோடு மல்லாந்து அடியில் நுழைந்தாள். மூக்குக்கு நேரே இரும்பு, முகத்தில் மண். ஒவ்வொரு திருகுக்கும் ஒரு வசவு. வசவு தீரவில்லை, நட்டுதான் தீர்ந்துகொண்டு வந்தது.

அப்போது பட்டறை வாசலில் ஒரு கார் வந்து நின்றது. வெள்ளைச் சட்டைக்காரர் ஒருவர் இறங்கி வந்தார். ஓடாத காரின் பின் சீட்டில் ஒரு அம்மாவும் இரண்டு தடியன்களும் போட்டோவுக்கு உட்கார்ந்த மாதிரி உட்கார்ந்திருப்பதைப் பார்த்து விழித்தார்.

"நீங்கதானே போன்ல பேசினது? வண்டி உங்களோடதுதானே?"

அடியில் ஸ்பேனர் நின்றது. மாமியார் முழங்கையால் மகனை இடித்தாள். அவன் தொண்டையைச் செருமினான், ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டினான்.

"என்னோடது இல்லிங்க. கீழ ரெண்டு கால் தெரியுது பாருங்க, அவங்களோடது. விக்கறதா இல்லையான்னு அவங்களத்தான் கேக்கணும்."

ஓட்டல்காரர் குனிந்தார். மண் ஒட்டிய இரண்டு பாதங்கள் மட்டும் தெரிந்தன. ஸ்பேனர் மறுபடி கிறீச்சிட்டது.

"விக்கலிங்க, போயிட்டு வாங்க" என்று கீழேயிருந்து குரல் வந்தது. பிறகு, அவருக்காக இல்லாமல், சீட்டைத் துளைத்துக்கொண்டு மேலே போகிற மாதிரி: "இத முன்னாடியே சொல்றதுக்கு என்ன? எறங்காத, உக்காரு. இன்னும் ஒரு நட்டு இருக்கு."