ஒன்றுக்குக் குறைவான ஓர் எண்

என் நிரூபணம் முடிய வேண்டும் என்பதற்காக ஓர் ஊருக்குப் பொய் சொன்னேன். அதை நம்பி ஒரு பெண் செத்துப்போனார். "அன்றைக்கு இருந்த அறிவின்படி" என்றெல்லாம் இதை நாசூக்காகச் சொல்லிப் பார்த்திருக்கிறேன். அதுவும் பொய்தான். அன்றைக்கே மருத்துவர்கள் எல்லாருக்கும், எனக்கும், தெரிந்த விஷயம் அது.

தஞ்சாவூரில் ஒரு கல்லூரியில் கணிதம் கற்பித்தவன் நான். தொற்றுநோய் பரவுவதைச் சமன்பாடுகளாக எழுதுவது என் ஆராய்ச்சி. கையால் அடித்ததைத் தவிரக் கொசுவோடு எனக்கு வேறு பழக்கம் கிடையாது. எங்கள் கருத்தரங்குகளுக்கு வரும் யாருக்கும் கிடையாது. குளிரூட்டிய அறையில் ஊர் மக்களை நோய் வராதவர், வந்தவர், தேறியவர் என்று பெட்டிகளாக வரைந்து, பெட்டிக்குப் பெட்டி அம்புக்குறி போட்டு, ஒருவருக்கொருவர் பொன்னாடை போர்த்திக்கொள்வோம். செத்தவர்களுக்கும் ஒரு பெட்டி உண்டு. அதிலிருந்து எந்த அம்பும் வெளியே வராது என்பதால் முதலில் அதைத்தான் அழிப்போம். கணக்கு சுலபமாகும்.

டெங்குவில் நான்கு வகை. ஒரு வகை வந்துபோனால் அதே வகை திரும்ப வராது. மற்ற வகைகள் வரும். இரண்டாவது தடவை வருவது பல நேரம் முதலாவதைவிட மோசமாக இருக்கும். மருத்துவம் படிப்பவர்களுக்கு இது பாலபாடம். என் சமன்பாட்டில் இதற்கென்று ஓர் எண் இருந்தது. அது ஒன்றுக்கு மேல் என்றால் பழைய காய்ச்சல் அடுத்ததை மோசமாக்கும். ஒன்றுக்குக் கீழ் என்றால் பழையது அடுத்ததைத் தடுக்கும். மேலே வைத்தால் விடை அலைபாய்ந்தது, எதையும் நிரூபிக்க முடியவில்லை. கீழே வைத்தால் அரைப் பக்கத்தில் அழகாக முடிந்தது. கீழே வைத்தேன். எங்கள் தொழிலில் இதற்கு அனுமானம் என்று பெயர். மளிகைக் கடைக்காரர் செய்தால் கள்ளத் தராசு என்பார்கள்.

எங்கள் துறையில் விரிவுரையாளராக ஒரு பெண் இருந்தார். பாபநாசத்துப் பக்கம் கிராமம். பெற்றோர் கூலிக்கு நாற்று நட்டவர்கள். அக்கா அப்போதும் நடவுக்குப் போய்க்கொண்டிருந்தார். தங்கை முனைவர் பட்டம் வாங்கி என் அறைக்கு அடுத்த அறைக்கு வந்துவிட்டார். நிரூபணத்தை நான் எழுதிய கட்டுரையைப் படித்துவிட்டு என் மேஜைக்கு முன்னால் வந்து நின்றார்.

"சார், இந்த எண் ஒண்ணுக்கு மேலதானே இருக்கணும்?"

"மேல வெச்சா தேற்றம் வராதும்மா."

"வராட்டிப் போகட்டுமே சார். காய்ச்சல் வருதே."

நன்றாகச் சிரித்தேன். கட்டுரையை ஓர் ஆராய்ச்சி இதழுக்கு அனுப்பியும் விட்டேன்.

அவர் ஊரில் ஒரு மழைக்காலத்தில் டெங்கு பலரைப் படுக்கப் போட்டது, அவருடைய அக்காவையும்தான். அடுத்த மழைக்கு முன்னால் பள்ளிக்கூடத்தில் விழிப்புணர்வுக் கூட்டம் வைத்து என்னைப் பேசக் கூப்பிட்டார்கள். மைக் கையில் கிடைத்தால் எங்களைப் போன்றவர்கள் தேற்றத்தோடு நிறுத்துவதில்லை. "போன வருஷம் படுத்தவங்க இந்த வருஷம் பயப்பட வேண்டாம். உடம்புக்குப் பழகிடும்" என்றேன். கைதட்டினார்கள். விரிவுரையாளர் எழுந்து, "வேற வகை வந்தா அப்படி இல்லைன்னு சொல்லிடுங்க சார்" என்றார்.

மைக்கிலேயே சொன்னேன்: "எங்க மேடத்துக்குக் கொசுன்னாகூடப் பயமில்லை, என் கணக்குன்னாதான் பயம்!"

ஊரே சிரித்தது. முன்வரிசையில் உட்கார்ந்திருந்த அக்காவும் சிரித்தார். நிலம் வைத்திருந்த வீட்டிலிருந்து வந்த ஒருவர் எழுந்து கேட்டிருந்தால் அப்படி மடக்கியிருப்பேனா? மாட்டேன். அதையும் எழுதிவிடுகிறேன்.

ஐப்பசியில் அக்காவுக்குக் காய்ச்சல் வந்தது. டாக்டரிடம் போகலாம் என்ற கணவரிடம், "அதான் போன வருஷமே வந்து போயிடுச்சே. அந்த சாரே சொன்னாரே, இது வெறும் மழைக் காய்ச்சல்" என்று சொல்லி, மருந்துக்கடை மாத்திரையைப் போட்டுக்கொண்டார். காய்ச்சல் விட்டது. டெங்குவில் ஆபத்து பெரும்பாலும் காய்ச்சல் விடும்போதுதான் ஆரம்பிக்கும். தேறிவிட்டதாக நினைத்துச் சம்பா நடவுக்கு இறங்கியவர் வயலிலேயே சரிந்தார். தஞ்சாவூருக்குத் தூக்கி வந்தார்கள். பிழைக்கவில்லை.

துக்கத்துக்குப் போனேன். விரிவுரையாளர் என்னைத் திட்டவில்லை. கொஞ்ச நாளில் வேறு கல்லூரிக்குப் போய்விட்டார். நான் அதே கட்டுரையைக் காட்டி ஒரு விருது வாங்கினேன்.

ஓய்வு பெற்ற பிறகுதான் புத்தி வந்தது. எங்கள் ஆட்களுக்கு அப்போதுதான் வரும். கட்டுரையைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன் என்று அதை வெளியிட்ட இதழுக்கு எழுதினேன். நிரூபணத்தில் பிழையில்லை, அனுமானம் ஆசிரியரின் உரிமை, ஆகவே திரும்பப் பெறக் காரணமில்லை என்று பதில் வந்தது. உரிமையாம்! இன்றும் யாராவது அதை மேற்கோள் காட்டிக்கொண்டுதான் இருக்கிறார்கள்.

பிறகு விரிவுரையாளரின் வீட்டைத் தேடிப் போய் மன்னிப்புக் கேட்டேன். உட்காரச் சொல்லித் தண்ணீர் கொடுத்தார்.

"எங்கிட்ட எதுக்கு சார் சொல்றீங்க? எனக்குத்தான் அன்னைக்கே தெரியுமே. எந்த ஊர்ல சொன்னீங்களோ, அங்க போய்ச் சொல்லுங்க."

போனேன். நூறு நாள் வேலைக்கு வந்தவர்கள் வாய்க்கால் கரையில் சாப்பிட உட்கார்ந்திருந்தார்கள். அக்காவின் கணவரும் இருந்தார். நான் சொன்னது தவறு, ஒரு தடவை வந்தவர்களுக்கும் வரும், அவர்கள்தான் இன்னும் கவனமாக இருக்க வேண்டும் என்றேன்.

"அப்ப வராதுன்னீங்க, இப்ப வரும்ங்கிறீங்க. அடுத்த வருஷம் என்ன சார் சொல்லுவீங்க?" என்று ஒரு பெண் கேட்டார்.

"அடுத்த வருஷம் கொசுவையே கையோட கூட்டியாந்துடுவாருடி" என்றார் பக்கத்திலிருந்தவர். எல்லாரும் சிரித்தார்கள்.

முதலில் கேட்ட பெண் விடவில்லை. "தப்புன்னு தெரிஞ்சு சொன்னீங்களா, தெரியாம சொன்னீங்களா?"

"தெரிஞ்சுதாங்க."

அக்காவின் கணவர் தூக்குவாளியை மூடிவிட்டு எழுந்து போய்விட்டார். அவரைப் பின்தொடரும் தைரியம் எனக்கு இல்லை.

போன மழையில் அவரே போன் செய்தார். விரிவுரையாளரிடம் நம்பர் வாங்கியிருக்கிறார். மகளுக்குக் காய்ச்சல் கண்டதுமே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்து சேர்த்துவிட்டதாகச் சொன்னார்.

"டெங்குதானாம். இது எந்த வகை சார்?"

"எனக்குத் தெரியாதுங்க. டாக்டரைக் கேளுங்க. காய்ச்சல் விட்டுடுச்சுன்னு உடனே வீட்டுக்குக் கூட்டிட்டுப் போயிடாதீங்க."

"அதை நீங்க எனக்குச் சொல்ல வேண்டாம் சார்."

மகள் தேறி வீடு திரும்பினாள். அதைச் சொல்ல மறுபடி கூப்பிட்டார். போனை வைக்கப்போகும்போது, "ஊர்ல இன்னமும், ஒரு தடவை வந்தா மறுபடி வராதுன்னுதான் சொல்லிட்டிருக்கானுவ சார்" என்றார்.

"நான் வந்து மாத்திச் சொன்னேனே?"

"அதையும் சொல்லிப் பார்த்துட்டேன். அந்த ஆளுக்கு வயசாயிடுச்சு, முதல்ல சொன்னதுதான் சரிங்கிறானுவ."