வில்லனுக்குக் காரணம் தேடிய கதை

யாழ்ப்பாணத்தில் இணையத் தொடர் எழுதுகிறவனுக்குப் பார்வையாளர்களைவிட அறிவுரையாளர்கள் அதிகம். பிரதியைக் கையில் வைத்துக்கொண்டு நடிகரையும் வீட்டையும் தேடி அலைந்த சகோதரங்களே, உங்களுக்கு இது புரியும். போன வருடம் நான் எழுதியது, இன்னொரு பெடியனை விரும்பும் பெடியனைப் பற்றிய தொடர். பாகங்கள் ஆறு. அலைச்சலும் ஆறு மடங்கு.

அம்மாவின் நிபந்தனை

கதாநாயகனாக நடிக்கச் சுதனைக் கேட்டேன். மோட்டார் சைக்கிள் உதிரிப்பாகக் கடையில் வேலை செய்கிறவன். கொலைகாரன், போதைவஸ்து விற்பவன் என்று எந்தப் பாத்திரத்துக்கும் உடனே ஓம் என்பான். இந்தக் கதையைச் சொன்னதும் தலையைச் சொறிந்தான். "அம்மாவை ஒருக்காக் கேட்கவேணும் அண்ணை." கொலை செய்தபோது அம்மாவைக் கேட்டாயா என்று வாய்வரை வந்தது. அடக்கிக்கொண்டேன்.

இரண்டு நாளாகப் பதில் இல்லை. வேறு ஆள் தேடத் தொடங்கியபோது வந்து நின்றான். "அம்மா ஒண்டுதான் கேட்டவ. உப்பிடிப் படங்களிலை அந்தப் பெடியன் எப்பவும் கடைசியிலை செத்துப்போறான், உதிலையும் சாகிறானோ எண்டு. சாகேல்லை எண்டால் நடிக்கட்டாம்."

வெள்ளைக்காரன்

படப்பிடிப்புக்கு வட்டுக்கோட்டையில் ஒரு வீடு கிடைத்தது. வீட்டுக்கார ஐயா எழுபது கடந்தவர், நெற்றி நிறைய விபூதி. பயத்தில் "ரெண்டு சிநேகிதரின்ரை கதை" என்று மட்டும் சொல்லி வைத்தோம். லண்டனிலிருந்து லீவில் வந்திருந்த அவருடைய மருமகன் நாலு இடம் பார்த்தவர் என்று நம்பி, அவரிடம் உண்மையைச் சொன்னேன். முகம் கறுத்துவிட்டது. "உது வெள்ளைக்காரன்ரை பழக்கம். எங்கடை பண்பாட்டிலை உது இல்லை."

உள்ளே தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்த ஐயாவுக்கு எல்லாம் கேட்டிருக்கிறது. வீடு போய்விட்டதென்று கமராவைப் பெட்டியில் வைக்கத் தொடங்கினேன். ஐயா கோப்பையோடு வெளியே வந்து மருமகனிடம் மெதுவாகச் சொன்னார்: "பழக்கத்தை ஆர் கொண்டுவந்தது எண்டு எனக்குத் தெரியாது தம்பி. அதைக் குற்றமெண்டு சட்டம் எழுதினவன் வெள்ளைக்காரன். நான் முப்பது வருசம் கோட்டிலை கிளாக்கரா அந்தச் சட்டப் புத்தகத்தோடைதான் இருந்தனான்."

நான் பெருமைப்பட்ட திருப்பம்

கதையில் நாயகனை அடித்து வீட்டைவிட்டுத் துரத்துகிறவர் அவனுடைய பெரியப்பா. கடைசிப் பாகத்தில், அந்தப் பெரியப்பாவும் இரகசியமாக ஆண்களை விரும்புகிறவர்தான் என்று வெளிப்படும். வேறெந்தக் காரணத்துக்காக ஒரு மனிதன் அப்படி வெறுக்கப்போகிறான் என்பது என் எண்ணம்.

யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியில் எங்கள் குழு கூடும் அறையில் அதை வாசித்துக் காட்டினேன். எல்லாரும் கைதட்டினார்கள். ஒலிப்பதிவு செய்யும் நிரோஜன் மட்டும் பிரதியை மூடிவைத்தான். நான்கு வருடமாக என்னோடு வேலை செய்கிறவன். "என்னை அடிச்சதும் பெரியப்பாதான் அண்ணை. அவருக்கு இரகசியம் ஒண்டும் இல்லை. அயலட்டை என்ன கதைக்கும் எண்ட பயம் மட்டுந்தான்." எனக்கு முதலில் விளங்கவில்லை. விளங்கியபோது, இந்த நான்கு வருடத்தில் அவனுக்கு முன்னால் அப்படிப்பட்டவர்களைக் கேலிசெய்து நான் விட்ட பகிடிகள் ஒவ்வொன்றாக ஞாபகம் வந்தன. மன்னிப்புக் கேட்டேன். பரவாயில்லை என்றான், பிறகு சொன்னான்: "அடிச்சவரும் எங்களை மாதிரி ஆள்தான் எண்டு நீங்கள் எழுதினால், மிச்ச ஊருக்குச் சுகம் அண்ணை. ஆரும் ஒண்டும் யோசிக்கத் தேவையில்லை."

முதல் திரையிடல்

திருப்பத்தை வெட்டினேன். புதுப் பிரதியில் பெரியப்பா அடிக்க முதல் வேலிக்கு மேலால் எட்டி, அயலார் பார்க்கிறார்களா என்று பார்ப்பார். பார்க்கிறார்கள் என்று தெரிந்ததும் அடிப்பார்.

சின்ன மண்டபம் ஒன்றில் திரையிட்டோம். நிரோஜன் தாயைக் கூட்டிவந்திருந்தான். அவனைப் பற்றி வீட்டில் ஒருவரும் வாய்திறந்து கதைப்பதில்லை என்று சொல்லியிருந்தான். படம் முடிந்ததும் தாய் மகனின் கையைப் பிடித்துக்கொண்டு என்னிடம் வந்தார். நான் பேச்சு வாங்கத் தயாராக நின்றேன்.

"படம் சரி தம்பி. ஆனால் பெரியப்பாவுக்குக் கசங்கின சேட் போட்டது பிழை. அவர் இவனை அடிச்ச அண்டைக்கும் அயன் பண்ணின சேட்தான் போட்டிருந்தவர்."

ஆக, யார் எதிர்ப்பார், எதற்காக எதிர்ப்பார் என்று நான் முன்கூட்டியே எழுதி வைத்ததில் இதுவரை ஒன்றுகூடச் சரிவரவில்லை, உடுப்பு உட்பட.