மேல்வீட்டுக்காரரின் ஆபரேஷன்

எங்கள் கிரேன் டிரைவருக்கு நாங்கள் வைத்த பெயர் மேல்வீட்டுக்காரர். முப்பது மீட்டர் உயரத்தில், ஓர் ஆள் மட்டும் உட்காரக்கூடிய கண்ணாடிக் கூண்டில் பத்தொன்பது வருஷம் குடியிருந்தவர். கீழே நின்று அவருக்குக் கை காட்டுகிற சிக்னல்காரன் நான். தூக்கு, இறக்கு என்று சொல்ல எனக்கு மட்டும்தான் உரிமை. ஆனால் நிறுத்து என்று யார் கை காட்டினாலும் நிறுத்தியாக வேண்டும். எங்கள் வேலையில் இதற்கு மேல் ஒரு சட்டம் கிடையாது.

அவருக்கு மலக்குடலில் புற்றுநோய் என்று தெரிந்ததும் எங்கள் இன்ஜினியர் உச்சுக் கொட்டினார். “பாவம்பா. பொழைச்சு வந்தா கேட்ல உக்கார வைக்கலாம்.” அதை எவனோ மேல்வீட்டுக்காரர் காதில் போட்டுவிட்டான். “கேட்லயா? நான் மேலதான் போவேன்” என்றார். எனக்கும் பற்றிக்கொண்டுதான் வந்தது. மனுஷன் செத்தா போய்விட்டார்?

ரோபோ வைத்து ஆபரேஷன் என்றார்கள். அவரும் அவர் மனைவியும் என்னையும் துணைக்குக் கூட்டிப்போனார்கள். பெரிய டாக்டர் பொறுமையாகத்தான் விளக்கினார். வயிற்றில் சின்னச் சின்னத் துளைகள், அதன் வழியே மெஷினின் கைகள். டாக்டர் அறையின் மூலையில் உட்கார்ந்து அவற்றை இயக்குவார். ரத்தம் அதிகம் போகாது, மறுநாளே நடக்கலாம், எல்லாம் சரியாகப் போனால் ஆறு நாளில் வீடு. உள்தையல் ஆறும்வரை சில மாதம் மலம் போக வயிற்றில் ஒரு பை.

சம்மதப் படிவத்தில் கையெழுத்துப் போட எடுத்த பேனாவை மேல்வீட்டுக்காரர் கீழே வைத்தார். “நீங்க மூலைல. நான் மேஜைல. அப்போ கை காட்டுறது யாரு?”

டாக்டர் விழித்தார். நான்தான் சொன்னேன். “மேஜைல அவர் பக்கத்துல நிக்கப்போறது யாருன்னு கேக்குறார் சார்.”

உதவி டாக்டரை வரவழைத்தார்கள். கண்ணாடி போட்ட சின்னப் பெண்.

“ஏம்மா, நீங்க நிறுத்துன்னா இவர் நிறுத்துவாரா?” என்று மேல்வீட்டுக்காரர் கேட்டார்.

அந்தப் பெண் பெரிய டாக்டரை ஓரக்கண்ணால் பார்த்தார். “நான் சொல்லுவேன்.”

“அது பத்தாதும்மா. சார் சொல்லட்டும்.”

மனைவி முழங்கையைப் பிடித்து இழுத்தார். அவர் அசையவில்லை. பெரிய டாக்டரின் முகம் சுருங்கி, பிறகு விரிந்தது. “நிறுத்துவேன்” என்றார். அதற்கப்புறம்தான் கையெழுத்து விழுந்தது.

மறுநாளே வார்டில் நடந்தார். ஏழாம் நாள் வீடு. ஆறு ஏழானதற்கு டாக்டரிடம் ஒரு சண்டை வேறு. நாலு மாதத்தில் பையை எடுத்தார்கள், ஆனால் வயிறு பழையபடி அடங்கவில்லை. வந்தால் உடனே போயாக வேண்டும். கூண்டில் கக்கூஸ் கிடையாது. அதை நினைத்து ஒருநாள் என் எதிரிலேயே அழுதார். எனக்குத் தாங்கவில்லை. முகத்தைத் துடைத்துக்கொண்டு, “ஏணி இருக்குல்ல” என்றார்.

மாதக்கணக்கில் வயிற்றைப் பழக்கினார். வேலைக்குப் போகலாம் என்ற டாக்டரின் சீட்டோடு வந்து நின்றார். இன்ஜினியர் சீட்டை இரண்டு முறை படித்துவிட்டுக் கூண்டின் சாவியைக் கொடுத்தார்.

முதல் நாள் பதினோரு மணிக்கு, சுமையைத் தரையில் வைத்ததும், நாங்கள் பேசிவைத்திருந்தபடி மேலிருந்து ஹாரன் இரண்டு முறை அடித்தது. நான் இரு கைகளையும் விரித்து நிறுத்து காட்டினேன். வேலை மொத்தமும் நின்றது. இன்ஜினியர் ஓடிவந்தார்.

“என்னய்யா, எவ்வளவு நேரம்?”

“அவர் இறங்கி, கக்கூஸ் போயிட்டு, திரும்ப ஏறுற வரைக்கும். அவசரம்னா நீங்க மேல போய் ஓட்டுங்க சார்.”

இன்ஜினியர் அண்ணாந்து ஏணியைப் பார்த்தார். மேல்வீட்டுக்காரர் திரும்ப ஏறிக் கூண்டின் கதவைச் சாத்தும்வரை நான் கையை இறக்கவில்லை.