சாம்பல் வண்டு

மாடித் தொட்டியில் கத்தரிச்செடி வாடிக் கிடந்தது. இழுத்தேன், வேரில்லாமல் கையோடு வந்தது. இலையோரமெல்லாம் சாம்பல்நிற வண்டு கடித்த தடம்.

எண்பதுகளில் பெரம்பலூர்ப் பக்கம் எங்கள் பருத்திக்காட்டிலும் இதே வண்டுதான். அப்பா இலைக்கு மருந்தடித்தார். வண்டுகள் உதிர்ந்தன. "எல்லாம் செத்துருச்சு" என்றார். அதன் புழுக்கள் மண்ணுக்குள் வேரைத் தின்றுகொண்டிருந்தது அவருக்குத் தெரியவில்லை. செடிகள் சாய்ந்த அன்று வரப்பிலேயே உட்கார்ந்திருந்தார். சாப்பிடக் கூப்பிட்டும் வரவில்லை.

அம்மா மீதி மருந்து டப்பாவை முந்தானையில் மறைத்து எடுத்துப்போய் அடுத்த வீட்டில் கொடுத்துவிட்டு வந்தாள். "அப்பா கேட்டா தீந்துபோச்சுன்னு சொல்லு" என்றாள் என்னிடம்.

அன்று சாயங்காலமே அப்பா கேட்டார்.

"மருந்து வாங்கியாந்து அடிங்களேன்" என்றாள் என் மனைவி, தொட்டியைப் பார்த்து.

"வூட்டுல மருந்து வேணாம்" என்றேன்.