ஆடியில் காலியாக இருந்த மைசூரு கார் நிறுத்தம்

இந்த ஆடியில் நான் மைசூரு போனது அரண்மனை பார்க்க அல்ல, கார் நிறுத்துமிடம் பார்க்க. ஈரோடு பஸ் ஸ்டாண்டு அருகே நானும் தம்பியும் கட்டடம் கட்டப்போகிறோம். கீழே கடைகள், அதன்மேல் அலுவலகங்கள், ஒரு கல்யாண மண்டபம், உச்சியில் வீடுகள். கார்களுக்கு நிலத்தடியில் ஒரு தளம் போதுமா, இரண்டு தோண்டுவதா என்று மாதக்கணக்கில் சண்டை. மைசூரு ரயில் நிலையத்தருகே இதே மாதிரிக் கட்டடத்தில், ஒரே தளத்தைப் பகலில் அலுவலகமும் மாலையில் மண்டபமும் இரவில் வீடுகளும் பகிர்ந்துகொள்வதாகத் தம்பி கேள்விப்பட்டிருந்தான். ஆடியில் கட்டட வேலை தொடங்க மாட்டோம், சும்மாதானே இருக்கிறாய் என்று என்னை அனுப்பிவிட்டான்.

காலை ஆறரைக்கு பஸ். சத்தியமங்கலம், திம்பம் மலைப்பாதை, சாமராஜநகர் வழியாகச் சுமார் இருநூறு கிலோமீட்டர். இறங்கும்போது மணி ஒன்று, இடுப்பு விட்டுப்போயிருந்தது. மண்டி மொஹல்லா என்ற பழைய பேட்டையின் சந்துகளில் நெளிந்து நெளிந்து வந்த ஆட்டோவுக்கு எண்பது ரூபாய்.

மாலை ஏழு மணி வரை அந்தத் தளத்திலேயே கால் கடுக்க நின்றேன். எந்த நேரமும் பாதி இடம் காலி. தம்பி சொன்னதுதான் சரி என்பது எரிச்சலாக இருந்தது. இருந்தாலும் போனில், "ஒண்ணு போதும்டா" என்றேன்.

காரைப் பூட்டிக்கொண்டிருந்த ஒரு பெண் திரும்பினார். பெயர் செல்வி. சாமராஜநகர் மாவட்டத்தில் தமிழர்கள் வாழும் மார்டள்ளி ஊர்க்காரர், மேலே நான்காம் மாடியில் குடியிருக்கிறார். விஷயத்தைச் சொன்னேன்.

"ஆடியில வந்து பாத்தா காலியாத்தானுங்க இருக்கும்? ஆஷாட மாசத்துல இங்க யாருங்க கல்யாணம் வெப்பாங்க? இதக் கட்டுனவங்களும் இப்பிடித்தான் ஆஷாடத்துல வண்டிய எண்ணிப்போட்டுப் போனாங்க."

"மத்த மாசத்துல?"

"முகூர்த்தத்துக்கு மொத நாள் சாயங்காலம் ரிசப்ஷனுங்க. ஆபீஸ்காரங்க கெளம்பறதுக்குள்ள கல்யாண வண்டி வந்துருது. போன தையில எம் பையனுக்கு மூச்சுத் திணறல். என் கார மறிச்சு மூணு கார். வண்டிக்காரங்க பந்தியில இருக்காங்க. புள்ளயத் தூக்கிட்டு ரோட்டுக்கு ஓடுனனுங்க."

"இப்ப எப்படி இருக்கான்?"

"இருக்கானுங்க. ரிசப்ஷன் அன்னிக்கு மட்டும் அவன நாத்தனா வீட்ல உட்டுர்றன்."

எனக்கு வெட்கமாக இருந்தது. மறுபடி தம்பியைக் கூப்பிட்டேன். "ரெண்டு தளம் தோண்டு. முடியாதுன்னா மண்டபத்த எடுத்துரு."

"பாங்க்ல ப்ளான் குடுத்தாச்சுக்கா."

"திருப்பி வாங்கு."

போனை வைத்துவிட்டான்.

இப்படிப் பார்க்கக் கிளம்புகிறவர்களுக்கு: ஆவணியில் போங்கள். முகூர்த்தத்துக்கு முந்தைய நாள், அதுவும் அலுவலக நாளாக இருக்கட்டும். மாலை ஐந்தரையிலிருந்து எட்டு வரை நில்லுங்கள். திம்பத்தில் இரவுப் போக்குவரத்துக்குத் தடை உண்டு, தங்கித்தான் திரும்ப வேண்டும். பகிர்ந்துகொள்வது நல்ல யோசனைதான், அதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் வீட்டுக்காரர்களின் கார்களுக்கு யாரும் மறிக்காத தனி வழி விடாமல் கையெழுத்துப் போடாதீர்கள்.

தம்பி ஒரு வாரமாக என்னோடு பேசவில்லை. வரைபடத்தில் நானும் இன்னும் கையெழுத்துப் போடவில்லை.