தொடாமல் விட்ட பின்வரிசை

சின்னப்பன் அண்ணன் இறந்த செய்தி வந்தபோது நான் நல்லூரில் ஒரு பனியன் கம்பெனியின் மாடிப்படியில் நின்று தீயணைப்பு சிலிண்டர்களைச் சோதித்துக்கொண்டிருந்தேன். ஓய்வு பெற்ற பிறகு எனக்கு அதுதான் பிழைப்பு. எங்கள் பழைய தீயணைப்பு நிலையத்தின் வாட்ஸ்அப் குழுவில் மாலை போட்ட அவர் படம், கீழே இரண்டு வரி. காலையில் சாமளாபுரத்து வீட்டில் நெஞ்சுவலி, ஆஸ்பத்திரி போகும் வழியிலேயே முடிந்துவிட்டது. போனைப் பையில் போட்டுக்கொண்டு மீதி ஏழு சிலிண்டரையும் பார்த்தேன். ஒவ்வொன்றின் அட்டையிலும் தேதி போட்டுக் கையெழுத்திட்டேன். அதைச் சொல்லவே இப்போது கூச்சமாக இருக்கிறது.

அவரை அறிந்தவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். அவர் எங்கள் குழுவின் தலைவர், நான் அவருக்குக் கீழே இருந்த வீரன். பதினாறு வருடம் ஒரே வண்டி. என்னைவிட நான்கு வயதுதான் மூத்தவர், ஆனாலும் கடைசிவரை என்னை 'வாங்க, போங்க' என்றே பேசினார். வண்டியைக் கழுவச் சொல்வதானாலும் ஒரு 'ங்க' சேர்த்துத்தான் சொல்வார். அப்படிச் சொன்னால் மறுக்கவா முடியும்?

ஒருமுறை ஒரு கம்பெனியில் தீ ஒத்திகை நடத்தப் போயிருந்தோம். முடிந்ததும் அங்கிருந்த மேனேஜர் அம்மா அவரிடம் மைக்கைக் கொடுத்து, இந்த வேலைக்கு வருகிறவருக்கு என்ன குணம் வேண்டும் என்று கேட்டார். தைரியம், தியாகம் என்று ஏதாவது சொல்வார், கைதட்டலாம் என்று தையல் பிரிவுப் பெண்கள் காத்திருந்தார்கள்.

"பயம் வேணுமுங்க" என்றார் அண்ணன். "பயமில்லாத ஆளு எங்களையும் சேத்திக் கொன்னு போடுவானுங்க."

எல்லோரும் சிரித்தார்கள். அவர் சிரிக்காமல் இன்னொன்றும் சொன்னார். "சண்டை போட்டா அன்னைக்கே மறக்கத் தெரியோணுமுங்க. கயித்தோட அந்த முனைய அவந்தான புடிச்சிருப்பான்."

அது மைக்குக்காகச் சொன்னதல்ல. பல்லடம் பக்கம் கிணற்றில் விழுந்த ஒரு மாட்டை எடுக்கப் போனோம். அன்று காலையில்தான் நிலையத்தில் நான் வடித்த சோறு குழைந்துபோனதற்கு அவர் என்னைக் கடிந்துகொள்ள, நான் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்திருந்தேன். கிணற்று மேட்டில் அவர் தன் இடுப்பில் கயிற்றைக் கட்டிக்கொண்டு, மற்ற நான்கு பேரையும் விட்டுவிட்டு மறுமுனையை என் கையில் கொடுத்து இறங்கினார். முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்த நான் அசடு வழிய நின்றேன். மாடு பிழைத்தது. மதியம் அதே குழைந்த சோற்றைச் சேர்ந்து சாப்பிட்டோம்.

இனி, இத்தனை வருடம் சொல்லாமல் விட்டதைச் சொல்கிறேன்.

முதலிபாளையம் பக்கம் ஒரு வேஸ்ட் துணி குடோனில் தீ. பனியன் வேஸ்ட் மூட்டைகளில் மேலே அணைந்தாலும் உள்ளே நெருப்பு கனன்றுகொண்டே கிடக்கும். அதனால் தண்ணீர் அடித்து முடித்ததும் கையுறையைக் கழற்றி, மூட்டை மூட்டையாகப் புறங்கையை வைத்துப் பார்க்க வேண்டும் என்பது அண்ணனின் வழக்கம். "உள்ளங்கை காய்ச்சுப் போச்சுங்க, அது பொய் சொல்லும். புறங்கை சொல்லாது" என்பார். சூடில்லை என்று தெரிந்த பிறகுதான் வண்டி கிளம்பும்.

அன்று மாலை என் மகளைப் பெண் பார்க்க வருவதாக இருந்தது. மூட்டைகளின் பின்வரிசை என் பொறுப்பு. இரண்டு மூட்டையைத் தொட்டேன், மணியைப் பார்த்தேன், முன்னால் வந்துவிட்டேன். பின்னால் பார்த்தாயிற்றா என்று அண்ணன் கேட்டார். பார்த்தாயிற்று என்றேன். கிளம்பினோம்.

இரண்டு மணி நேரத்தில் அதே இடத்திலிருந்து மறுபடி அழைப்பு. பின்வரிசையில் தீப்பிடித்து, பக்கத்துத் தையல் யூனிட்டுக்கும் பரவியிருந்தது. துணியை வெளியே இழுக்கப் போன ஒரு பீகார்த் தொழிலாளியின் வலது கை வெந்துபோனது. பிறகு அந்த விரல்கள் மடங்கவே இல்லை.

விசாரணையில், பின்வரிசையைத் தானே சோதித்ததாக அண்ணன் எழுதிக் கொடுத்தார். ஏன் அப்படி எழுதினீர்கள் என்று அவர் காலைப் பிடிக்காத குறையாகக் கேட்டேன். "கேட்டதோட நிறுத்துனது நானுங்க. என்ற சொந்தக் கையில தொட்டுப் பாத்திருக்கோணும்" என்றார். கொஞ்சம் கழித்து, "உங்க ஊட்டுல கண்ணாலம் வேற வருதுங்க" என்றார். அவருக்கு வரவிருந்த பதவி உயர்வு நின்றது. அதே பதவியில் ஓய்வு பெற்றார். என் மகள் கல்யாணப் பந்தியில் நின்று பரிமாறினார். நான் வாயைத் திறக்கவில்லை.

துக்கத்துக்குப் போனபோது அவர் தெருவில் தறிகளை நிறுத்தியிருந்தார்கள். கூடத்தில், எங்கள் பழைய சகா ஒருவர் நல்ல மனதோடுதான் சொன்னார், அண்ணன் தங்கமான மனிதர், அந்தக் குடோனில் மட்டும் அசந்துவிட்டார் என்று. அண்ணனின் மனைவி லூர்து அக்கா தலையைக் குனிந்துகொண்டார். அப்போதும் நான் டீ டம்ளரைப் பிடித்துக்கொண்டு நின்றேன். கல்லறைக்கு எடுக்கும் முன் அண்ணன் நெற்றியில் புறங்கையை வைத்துப் பார்த்தேன். சில்லென்றிருந்தது. எனக்கு அழுகை வரவில்லை, இன்றுவரை வரவில்லை.

ஒன்பதாம் நாள் சாமளாபுரம் போய் அக்காவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் என்னைத் திட்டவில்லை. ஜெபமாலையை விரலில் சுற்றிக்கொண்டிருந்தார்.

"இத அவரு இருக்கறப்பச் சொல்லியிருக்கலாமுங்க" என்றார். அவ்வளவுதான்.

அண்ணனிடம் கற்றதாக எவ்வளவோ சொல்லலாம், சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை. அவருடையது என்று என்னிடம் இருப்பது ஒன்றே ஒன்று, அத்தனை வருடம் அவர் தன் பெயரில் வைத்திருந்த என் பொய். அதை நான் எடுத்துக்கொள்கிறேன். இனி யாராவது அந்தக் குடோனைப் பற்றிப் பேசினால் என் பெயரைச் சொல்லுங்கள். பின்வரிசையைத் தொட்டுப் பார்க்காதவன் நான்.